படையோடு நடந்த பாடல்

போர்ப்படையில் முரசும் கொம்பும் முழங்குதல் பண்டை வழக்கம். ஆயின், வீரர் பல்லாயிரவர் ஒருங்கு கூடிப் பாட, அப்பாட்டையே ஓர் அரசின் அடையாளமாகக் கொண்ட படைகள் சிலவே. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தலைமையேற்ற இந்தியத் தேசிய இராணுவம் அவற்றுள் ஒன்று.

1943-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21-ஆம் நாள் சிங்கப்பூரில் சுதந்தர இந்தியத் தற்காலிக அரசு நிறுவப்பெற்றது. அரசு என்றால் கொடி வேண்டும், நாட்டுப்பண்ணும் வேண்டுமன்றோ? தாகூரின் ‘ஜன கண மன’ வடசொற்கள் செறிந்த வங்கப் பாடல். படைவீரர் அனைவர்க்கும் அஃது எளிதில் விளங்குவதன்று. ஆதலின், அதனைத் தழுவி எளிய இந்துஸ்தானியில் ‘சுப் சுக் செயின்’ என்னும் பாடல் இயற்றப்பெற்றது. இயற்றியோருள் ஒருவரான ஆபித் ஹசன், செருமனியிலிருந்து நேதாஜியுடன் நீர்மூழ்கிக் கப்பலில் புறப்பட்ட துணிவாளர். பாடலுக்கு இசை வகுத்தவர் இராம் சிங் தாகூரி.

இராம் சிங் 1914-இல் தர்மசாலையை அடுத்துப் பிறந்த கூர்க்கர். ஆங்கிலேயரின் கூர்க்காப் படையில் பணியாற்றி, மலேயாப் போரில் சிறைப்பட்டு, பின்னர் விடுதலைப் படையிற் சேர்ந்தார். நேதாஜி அவருக்கு வயலின் ஒன்றைப் பரிசளித்தார். ‘கதம் கதம் படாயே ஜா’ என்னும் நடைப்பாட்டிற்கும் மெட்டமைத்தவர் அவரே. இடக்கால், வலக்கால் பெயரும் கணக்கிற்கு இசைய அடிகள் குறுகி நிற்பதால், அதனைக் களைத்த கால்களும் எளிதில் பின்பற்றும்.

பாடியவர்களுள் தமிழர் மிகப் பலர். திருச்சி, தஞ்சை மாவட்டங்களினின்றும் நாகையிற் கப்பலேறி, மலேயாத் தோட்டங்களில் இரப்பர் மரம் சீவப் போன குடும்பத்தினர் அவர்கள். பொன்மலை வழியே கிழக்கே ஓடும் இருப்புப்பாதையில் சென்றவர்களும் அவர்களுள் இருந்திருப்பர். ஜான்சி ராணிப் படையிலோ தமிழ்ப் பெண்களே மிகுதி. அவர்கட்கு இந்துஸ்தானி புதுமொழி. படையில் அதனை ரோமன் எழுத்தில் கற்பித்தனர். எழுத்தறியாதார்க்குச் செவியே ஏடாயிற்று. கூர்க்கர் இசை வகுத்த பாடலைத் தோட்டத் தமிழர் பாடி அணிவகுத்தனர்.

1945-இல் அப்படை கலைந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னரும் அவ்வீரர்கள் இந்தியத் தரைப்படையில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. 1950 சனவரி 24-இல் ‘ஜன கண மன’ நாட்டுப்பண்ணாக ஏற்கப்பெற்றது. ‘சுப் சுக் செயின்’ விழா மேடைகளினின்றும் நீங்கியது. ‘கதம் கதம்’ மட்டும், தன் வீரர்க்குக் கிட்டாத இடத்தைப் பெற்றுத் தரைப்படையின் அணிவகுப்புகளில் இன்றும் ஒலிக்கின்றது. இராம் சிங், உத்தரப் பிரதேச ஆயுதக் காவற்படையின் இசைக்குழுவை இலக்னோவில் நெடுநாள் நடத்தி, 2002-இல் மறைந்தார்.