வலைத்தளக் காப்பும் பழுதாய்வும்

ஆனைமலைத் தேக்கு 19-ஆம் நூற்றாண்டில் பம்பாய்க் கப்பல் கட்டுந்துறைக்குச் சென்றதென்பது நம் பக்கத்தார் பலரும் அறிந்த செய்தி. வெட்டுமரம் காட்டினின்று புறப்படுங்கால் அதன்மேல் சுத்தியல் முத்திரை பதிக்கப்படுதலும், வழிச்சீட்டு உடன் செல்லுதலும் வனத்துறையின் நெடுநாளைய வழக்கம். சோதனைச் சாவடியில் நிற்கும் காவலர் மரத்தை வெட்டினவரை அறியார், வாங்கினவரையும் அறியார். முத்திரையை அறிவார்; சீட்டிலுள்ள பெயரையும் நாளையும் பார்ப்பார்; அவ்வளவே. இணையத்தில் ஒரு வலைத்தளத்தை நாடிச் செல்லும் உலாவி செய்வதும் ஏறத்தாழ இதுவே.

காப்புத் தொடர்பு இரண்டு தொழில்களை ஒருங்கே செய்வது. செல்லும் செய்தியை வழியிலுள்ளார் படிக்கவும் திருத்தவும் இயலாதவாறு மறைத்தல் ஒன்று. மறுமுனையில் இருப்பது நாம் அழைத்த பெயருக்கு உரிய வழங்கியே என்று காட்டுதல் மற்றொன்று. முன்னதற்குக் கணிதம் போதும். பின்னதற்கு மூன்றாமவர் ஒருவரின் சாட்சியம் வேண்டும். அச்சாட்சியமே சான்றிதழ் எனப்படுவது. பழுதென்று வருவனவற்றுள் பெரும்பாலன மறைத்தலில் நேர்வன அல்ல. சாட்சியத்தில் நேர்வன, அன்றேல் சாட்சியத்தைக் காட்டுதற்கு முன்பே வழியில் நேர்வன.

சான்றிதழுக்குப் பெரும்பாலும் பணம் கொடுக்க வேண்டியிருந்த காலம் ஒன்றுண்டு. லெட்ஸ் என்க்ரிப்ட் என்னும் அமைப்பு 2015 டிசம்பரில் அதனை யாவர்க்கும் இலவசமாக வழங்கத் தொடங்கியபின், வீட்டு மூலையில் சிறு கணினி ஒன்றை வைத்துத் தம் தளத்தைத் தாமே நடத்துவோர்க்கும் அது எட்டுவதாயிற்று. ஆனைமலையில் தேங்காய் வாணிபம் செய்வார் ஒருவர், ராஸ்பெரி பை என்னும் கையகலக் கணினியில் விலைப்பட்டியும் ஆர்டர்ப் படிவமும் வைத்து நடத்துகிறார் என்று கொள்வோம். பொள்ளாச்சி வாடிக்கையாளர் ஒருவர், தளம் திறக்கவில்லை என்று தொலைபேசியில் சொல்கிறார். திறக்கவில்லை என்னும் அவ்வொரு சொல்லுக்குள் வெவ்வேறு நோய்கள் அடங்கியிருத்தலின், மருந்தைத் தேடுமுன் நோயைப் பிரித்தறிதல் வேண்டும்.

முதற்கண், வீட்டின் வைஃபையை விட்டு, கைப்பேசியின் டேட்டா வழியாகத் தளத்தை அழைத்துப் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் திறக்கும் தளம் வெளியே திறவாதிருத்தலும், வெளியே திறப்பது வீட்டுக்குள் திறவாதிருத்தலும் உண்டு. பின்னது பெரும்பாலும் ரௌட்டரின் குறையேயன்றித் தளத்தின் குறையன்று. அடுத்து, உலாவி கூறும் செய்தியைச் சொல் பிசகாமல் படித்தல் வேண்டும். நெடுநேரம் சுழன்று, விடை வரவில்லை என்று கூறுமாயின், அழைப்பு வாயிலை எட்டவேயில்லை எனலாம். அழைத்தவுடனே மறுக்கப்பட்டது என்று கூறுமாயின், அழைப்பு ஏதோ ஒரு பொறியை எட்டியது; ஆனால் 443 என்னும் போர்ட்டில் செவி கொடுப்பார் அங்கில்லை. சான்றிதழைப் பற்றி எச்சரிக்குமாயின், வழி முழுதும் செவ்வை, சீட்டில்தான் குறை. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, வழியில் உள்ள பழுதுக்குச் சான்றிதழை மீண்டும் மீண்டும் வாங்குவோர் பலர். லெட்ஸ் என்க்ரிப்டோ, ஒரே பெயர்த்தொகுதிக்கு 7 நாளில் 5 சான்றிதழுக்குமேல் தருவதில்லை. ஆகவே சோதனைக்கென அவ்வமைப்பே தனியே வைத்துள்ள வழங்கியில் முயன்றுபார்த்தல் அறிவுடைமை.

விடை வராத நோய்க்கு நம் ஊர்களில் இரண்டு காரணங்கள் முதன்மையானவை. தென்மேற்குப் பருவக்காற்றில் தென்னமட்டை கம்பியின்மேல் விழுந்து மின்சாரம் நின்று மீளும்போது ரௌட்டருக்குப் புதிய முகவரி கிடைத்திருக்கலாம்; டி.என்.எஸ். ஏட்டிலோ பழைய முகவரியே நிற்கும். மற்றொரு காரணம் இதனினும் மறைவானது. முகவரிகள் போதாமையால் இணைய நிறுவனங்கள் பல வீடுகளுக்கு ஒரே பொதுமுகவரியைப் பங்கிட்டுத் தருகின்றன. ரௌட்டரின் வெளிப்புற முகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் ஒன்றால் தொடங்குமாயின், அது 2012-இல் இப்பங்கீட்டுக்கென ஒதுக்கப்பட்ட தொகுதியைச் சேர்ந்தது. அவ்வீட்டுக்கு வெளியிலிருந்து எவரும் நேரே வர இயலாது. ரௌட்டரில் எத்தனை வாயில் திறந்தாலும் பயனில்லை. ஐ.பி.வி.6 முகவரியைப் பயன்கொள்ளுதலும், நிலையான முகவரியைக் கேட்டுப் பெறுதலும், வெளியிலுள்ள வழங்கி ஒன்றினின்று சுரங்கவழி அமைத்தலும் இதற்குத் தீர்வுகள். ஐ.பி.வி.6 முகவரியை ஏட்டில் எழுதிவிட்டு வழங்கியை அதற்கு ஆயத்தம் செய்யாது விடுதல் பெருந்தீங்கு. சான்றிதழ் வழங்குவோரின் சோதனை அம்முகவரியையே முதலில் நாடும்.

இனிச் சீட்டின் குறைகள். பெயர் பொருந்தாமை எளிதிற் புலப்படும்: முன்னொட்டு மூன்று டபிள்யூக்களுடன் அழைக்கப்படும் பெயரும் அஃதின்றி அழைக்கப்படும் பெயரும் வெவ்வேறு பெயர்களே, இரண்டும் சான்றிதழில் இருத்தல் வேண்டும். கண்ணுக்குத் தப்புவது சங்கிலிக் குறை. உலாவி நம்புவது ஒருசில வேர்ச்சான்றிதழ்களை. நம் சான்றிதழை வேர் நேரே ஒப்பமிடுவதில்லை. இடைச்சான்றிதழ் ஒன்று ஒப்பமிட, அதனை வேர் ஒப்பமிடுகிறது. வழங்கி தன் சான்றிதழுடன் இடைச்சான்றிதழையும் அனுப்புதல் கடமை. அனுப்பாவிடினும் மேசைக் கணினியின் உலாவி அதனைத் தானே தேடி எடுத்துக்கொள்ளக்கூடும். ஆதலின் உரிமையாளர்க்குத் தளம் நன்றாகவே திறக்கும். கைப்பேசிச் செயலிகளும் கட்டளைக் கருவிகளும் அங்ஙனம் தேடாமையால் மறுத்துவிடும். எனக்குத் திறக்கிறதே என்னும் விடை இவ்விடத்தில் சான்றாகாது. செர்ட்பாட் என்னும் கருவியைப் பயன்படுத்துவோர், தனிச் சான்றிதழ்க் கோப்பை விடுத்து முழுச்சங்கிலிக் கோப்பை வழங்கிக்குக் காட்டின் இக்குறை தீரும்.

நாட்குறை இனி மிகுமேயன்றிக் குறையாது. லெட்ஸ் என்க்ரிப்ட் தன் சான்றிதழ்களை 90 நாள் அளவினவாகவே தொடங்கியது. உலாவியாளரும் சான்றளிப்போரும் 2025 ஏப்ரலில் செய்த தீர்மானப்படி, எவர் தரும் சான்றிதழுக்கும் உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். முடிவுநாளை நினைவூட்டி லெட்ஸ் என்க்ரிப்ட் அனுப்பிவந்த அஞ்சலும் 2025 ஜூனில் நின்றுவிட்டது. ஆகவே தானே புதுப்பிக்கும் ஏற்பாடின்றி இத்தொழில் நடவாது. அவ்வேற்பாடு செவ்வையாக நடந்தும் எச்சரிக்கை தோன்றுமாயின், புதிய சான்றிதழ் வட்டில் இருக்க, வழங்கி நினைவில் வைத்துள்ள பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். வழங்கியை மறுபடி ஏற்றினால் போதும்.

கடிகாரத்தைப் பற்றி ஒரு நுட்பம். ராஸ்பெரி பையின் 5-ஆம் வகைக்கு முந்தியவற்றில் மின்னின்றி ஓடும் கடிகாரம் இல்லை. 5-ஆம் வகையிலும் மின்கலம் தனியே வாங்கவேண்டும். மின்தடைக்குப்பின் அது பின்தங்கிய நேரத்துடன் எழக்கூடும். வருவோரின் உலாவி தன் கடிகாரத்தைக்கொண்டே நாளைப் பார்ப்பதால், வழங்கியின் நேரப்பிழை அவர்களை நேரே தாக்காது. ஆனால் புதுப்பிக்கச் செல்லும்போது வழங்கி தானே விருந்தாளியாகிறது. சான்றளிப்போரின் சான்றிதழ் இன்னும் தொடங்கவேயில்லை என்று அது கருதித் திரும்பிவிடும்.

சாட்சியம் கூறுவோரே வழுவினால் என்னாம் என்று கேட்பார்க்கு நம் நாட்டிலேயே விடை உண்டு. இந்தியச் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளரின் வேருக்குக் கீழ் இடைச்சான்றிதழ்கள் வைத்திருந்த தேசியத் தகவல் மையத்தினின்று, கூகுளின் பெயர்களுக்குக் கூகுள் கேளாத சான்றிதழ்கள் வெளிப்பட்டிருத்தலை அந்நிறுவனம் 2014 ஜூலை 2 அன்று அறிந்தது. மறுநாளே கட்டுப்பாட்டாளர் அவ்விடைச்சான்றிதழ்களைத் திரும்பப் பெற்றார். அவ்வேரை விண்டோஸ் நம்பியிருந்தமையால் அதன்மேல் ஓடிய உலாவிகள் பல ஏமாறக்கூடிய நிலையிலிருந்தன. தனக்கெனத் தனி வேர்த்தொகுதி வைத்திருந்த ஃபயர்ஃபாக்ஸ் தப்பியது. பின்னர்க் கூகுள் அவ்வேரின் செல்வாக்கைத் தன் உலாவியில் சில இந்தியப் பெயர்களுக்குள் மட்டும் அடைத்தது. சாவடிக் காவலர்மேல் குற்றமில்லை. முத்திரைச் சுத்தியலே தவறான கையிற் சென்றது.

இத்தகைய வழுக்களினால் வந்த இரண்டு ஏற்பாடுகள் ஆனைமலை வாணிகர்க்கும் பயன்படுவன. புதிய சான்றிதழ்கள் பொது ஏடுகளில் பதியப்படல் வேண்டுமென்று குரோம் உலாவி 2018 ஏப்ரல் 30 முதல் வற்புறுத்தி வருகிறது. தம் பெயருக்கு எவரெவர் என்று சான்றிதழ் அளித்தனர் என்பதை எவரும் அவ்வேடுகளில் தேடிக் காணலாம். புதுப்பித்தல் உண்மையில் நடந்ததா என்னும் ஐயத்தையும் அங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். மற்றையது டி.என்.எஸ். ஏட்டில் எழுதும் சி.ஏ.ஏ. என்னும் வரி. இன்னார் மட்டுமே எம் பெயருக்குச் சான்றளிக்கலாம் என்பது அதன் பொருள்; 2017 செப்டம்பர் முதல் சான்றளிப்போர் அதனைப் பார்த்தே தீரவேண்டும். சான்றளிப்பாரை மாற்றியபின் புதுப்பித்தல் மறுக்கப்பட்டால், முன்னே எழுதி மறந்த அவ்வரி ஏட்டில் நிற்கிறதா என்று பார்க்க.