ஆப்பிளுக்கு ஒரு கண்ணாடிச் சட்டை

இந்த மாசம் நம்ம லேப் அடுப்படிக்கு மாறியிருக்கு. செய்யப்போற பொருள் மிட்டாய் ஆப்பிள். சிவப்பா, பளபளன்னு, குச்சியில குத்தி வச்ச ஆப்பிள். ஹாலிவுட் படங்கள்ல திருவிழாக் காட்சி வந்தா யாராவது ஒரு குழந்தை கையில இது இருக்கும். கடிச்சா முதல்ல "டக்"னு ஒரு சத்தம், அப்புறம் இனிப்பு, கடைசியா ஆப்பிளோட புளிப்பு.

சமையல் குறிப்பு யூடியூப்ல ஆயிரம் இருக்கு, அதை இங்க எதுக்குன்னு கேட்கலாம். அந்த ஆப்பிளைச் சுத்தி இருக்கிற சிவப்பு ஓடு வெறும் சர்க்கரை இல்லை, சர்க்கரையால் ஆன கண்ணாடி. மெட்டீரியல் சயின்ஸ் பேப்பர்ல "அமார்ஃபஸ் சாலிட்"னு மனப்பாடம் பண்ணி எழுதினோமே, அதைக் கையால தொட்டு, வாயால கடிச்சுப் பார்க்கக் கூடிய உதாரணம் இது. அது மட்டும் இல்லை, இதைத் தப்பா செஞ்சா கை வெந்துபோகும். தப்பா வச்சிருந்தா உயிருக்கே ஆபத்து வந்திருக்கு. அதனால கடைசி வரைக்கும் படிச்சிட்டு அடுப்பைப் பத்த வைங்க.

கொஞ்சம் வரலாறு

அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூவார்க் நகரத்தில் வில்லியம் கோல்ப் என்ற மிட்டாய்க் கடைக்காரர் 1908-இல் இதை முதலில் செய்தார் என்று சொல்லப்படுகிறது. கிறிஸ்துமஸ் விற்பனைக்காகச் சிவப்பு லவங்கப்பட்டை மிட்டாய்ப் பாகு காய்ச்சியவர், அதில் ஆப்பிள்களை முக்கிக் கடை ஜன்னலில் அழகுக்காக வைத்தாராம். வந்தவர்கள் மிட்டாயை விட்டுவிட்டு ஆப்பிளை விலை கேட்டார்கள் என்பது கதை.

ஆனால் பழத்துக்குச் சர்க்கரை ஓடு போடுறது அமெரிக்கர்கள் கண்டுபிடிச்ச யோசனை இல்லை. சீனாவின் வடபகுதியில் குளிர்காலத்தில் புளிப்பான ஹாதார்ன் பழங்களைக் குச்சியில் கோத்து, பாகில் முக்கி விற்கிற 'தாங்ஹூலு' ரொம்பப் பழையது. ஜப்பான் கோயில் திருவிழாக்களில் 'ரிங்கோ அமே', இங்கிலாந்தில் நவம்பர் 5 தீமூட்டும் இரவில் 'டாஃபி ஆப்பிள்'. பேர் வேற, தத்துவம் ஒண்ணுதான்: உள்ளே புளிப்பு, வெளியே நொறுங்கும் இனிப்பு.

பதம் என்பது செறிவு

நம்ம வீட்டுப் பாட்டிகள் தெர்மாமீட்டர் வச்சுப் பாகு காய்ச்சினதில்லை. கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று விரலாலும் தண்ணீர்க் கிண்ணத்தாலும் கணக்குப் போட்டார்கள். கடலை உருண்டைக்குப் பாகை எடுத்துத் தண்ணீரில் விட்டு, அதைத் தட்டில் போட்டால் "டங்"னு சத்தம் வரணும்னு சொல்வாங்க இல்லையா? மிட்டாய் ஆப்பிளுக்கும் கிட்டத்தட்ட அதே பதம்தான் வேணும்.

இதுக்குப் பின்னாடி இருக்கிற பாடம் கொதிநிலை உயர்வு. தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதில் சர்க்கரை கரைந்திருந்தால் கொதிநிலை ஏறும். கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகும், செறிவு கூடும், கொதிநிலை இன்னும் ஏறும். அதனால் பாகின் வெப்பநிலையைப் பார்த்தாலே அதில் எவ்வளவு நீர் மிச்சம்னு சொல்லிடலாம். சுமார் 115 டிகிரியில் பாகில் 85 சதவீதம் சர்க்கரை. 150 டிகிரியில் ஏறத்தாழ 99 சதவீதம்.

ஒரு சின்னக் கணக்கு. 400 கிராம் சர்க்கரை எடுத்தால், 115 டிகிரியில் மொத்தப் பாகு சுமார் 470 கிராம், அதில் 70 கிராம் நீர். 150 டிகிரியில் மொத்தம் சுமார் 404 கிராம், நீர் வெறும் 4 கிராம். இந்த வித்தியாசம்தான் கையில் ஒட்டும் பாகுக்கும் பல்லில் நொறுங்கும் ஓட்டுக்கும் உள்ள வித்தியாசம். 140-லேயே அவசரப்பட்டு இறக்கினா ஆப்பிள் பல்லோட ஒட்டிக்கும். 160-ஐத் தாண்டினா சர்க்கரை பழுப்பாகிக் கசக்க ஆரம்பிக்கும்.

கண்ணாடியா, கல்கண்டா?

ஒரே சர்க்கரைதான் கல்கண்டாகவும் ஆகிறது, பஞ்சு மிட்டாயாகவும் ஆகிறது. எப்படி?

செறிவான பாகை மெதுவாக, நாள்கணக்கில் ஆற விட்டால் சுக்ரோஸ் மூலக்கூறுகளுக்கு வரிசையில் நிற்க நேரம் கிடைக்கிறது. அசெம்பிளியில் நிற்கிற மாதிரி அடுக்கடுக்காக நின்றுவிடும். அது படிகம், அதாவது கல்கண்டு. நீர் கிட்டத்தட்ட இல்லாத சூடான பாகைச் சட்டுன்னு ஆற விட்டால், வரிசை கட்டுறதுக்கு முன்னாடியே பாகு இறுகிவிடும். பெல் அடிச்சதும் பசங்க நின்ன இடத்துலேயே உறைஞ்சுபோன மாதிரி. ஒழுங்கில்லாத அந்த நிலையே கண்ணாடி. ஜன்னல் கண்ணாடியில் சிலிக்கா, இங்கே சர்க்கரை. ஒளியைச் சிதறடிக்கும் படிக எல்லைகள் இல்லாததால்தான் ஓடு பளிங்கு மாதிரி தெரிகிறது.

நமக்கு வேண்டியது கண்ணாடி. படிகம் உருவாகாமல் தடுக்க மூணு வழி.

முதலாவது, லிக்விட் குளுக்கோஸ். கேக் பொருள்கள் விற்கும் கடைகளில் டப்பாவில் கிடைக்கும். அதில் இருக்கும் குளுக்கோஸும் நீளச் சங்கிலிகளும் சுக்ரோஸ் வரிசைக்கு நடுவே புகுந்து கலைத்துவிடும்.

இரண்டாவது, எலுமிச்சைச் சாறு. அமிலமும் சூடும் சேர்ந்து சுக்ரோஸில் ஒரு பகுதியை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கும். வேலை அதேதான். ஜாங்கிரிப் பாகில் எலுமிச்சை பிழிவது இதுக்குத்தான்.

மூன்றாவது, கிளறாமல் இருப்பது. பாத்திர ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஒரே ஒரு சர்க்கரைத் துகள் உள்ளே விழுந்தால் போதும், அதைப் பார்த்து மத்த மூலக்கூறுகளும் வரிசையில் சேர்ந்துவிடும். பாகு முழுக்க மணல் மணலா பூத்துப்போகும்.

தேவையானவை (6 ஆப்பிளுக்கு)

சின்ன ஆப்பிள் 6, கெட்டியாகவும் கொஞ்சம் புளிப்பாகவும் இருந்தால் நல்லது
சர்க்கரை 400 கிராம்
லிக்விட் குளுக்கோஸ் 100 கிராம் (இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு 1 டீஸ்பூன்)
தண்ணீர் 180 மி.லி.
அனுமதிக்கப்பட்ட சிவப்பு உணவு நிறம், சில துளி
மூங்கில் குச்சி 6
அடி கனமான, ஆழமான பாத்திரம், சமையல் தெர்மாமீட்டர்
எண்ணெய் தடவிய எவர்சில்வர் தட்டு அல்லது பட்டர் பேப்பர்

செய்முறை

1. கடை ஆப்பிள் மேல் பெரும்பாலும் மெழுகுப் பூச்சு இருக்கும். மெழுகு மேல பாகு நிக்காது, வழுக்கிடும். கொதித்து இறக்கிய நீரில் ஆப்பிளை 10 விநாடி முக்கி எடுத்து, சொரசொரப்பான துணியால் அழுத்தித் துடையுங்கள். பிறகு முழுசா உலரணும். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் 150 டிகிரிப் பாகில் அது ஆவியாகிக் குமிழி கிளப்பும்.

2. ஆப்பிள் அறை வெப்பநிலையில் இருக்கட்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் முக்கினால் அதன் மேல் வியர்க்கும் நீரே ஓட்டைக் கெடுக்கும். காம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குச்சியைப் பாதி ஆழத்துக்குச் சொருகுங்கள்.

3. தெர்மாமீட்டரைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்துச் சோதியுங்கள். 97 காட்டினால் அது 3 டிகிரி குறைவாகக் காட்டுகிறது, அந்த அளவு கழித்துக்கொள்ளுங்கள். ஊட்டி மாதிரி உயரமான ஊரில் தண்ணீரே 93 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். அங்கேயும் 150-க்குப் பதில் அதே அளவு கம்மியா இலக்கு வைக்கணும்.

4. சர்க்கரை, தண்ணீர், குளுக்கோஸ், நிறம் எல்லாத்தையும் பாத்திரத்தில் போட்டு, சின்னத் தீயில் சர்க்கரை கரையும் வரை மட்டும் கிளறுங்கள். நிறத்தை ஆரம்பத்திலேயே சேர்த்துடுங்க. கடைசியில் விட்டால் அதில் இருக்கும் தண்ணீர் வெடிச்சுத் தெறிக்கும்.

5. கொதி வந்ததும் கரண்டியை எடுத்துடுங்க. இனி கிளறக் கூடாது. ஓரத்தில் ஒட்டும் சர்க்கரையை நனைத்த பிரஷ்ஷால் கீழே கழுவி விடுங்கள்.

6. மிதமான தீயில் 150 டிகிரி வரை விடுங்கள். 120 தாண்டினதும் வேகம் கூடும், ஏன்னா ஆவியாக மிச்சம் இருக்கிற நீர் ரொம்பக் கொஞ்சம். அந்த நேரத்துல போனை எடுக்காதீங்க. தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். எடுத்து வளைத்தால் வளையாமல் "டக்"னு உடையணும்.

7. அடுப்பை அணைத்து, குமிழி அடங்கியதும் பாத்திரத்தைச் சாய்த்து ஆப்பிளை ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். சில விநாடி தூக்கிப் பிடித்து மிச்சப் பாகு வடிந்ததும் தட்டில் வையுங்கள். ஆறு ஆப்பிளையும் தாமதிக்காமல் முடிக்கணும். சில நிமிடத்தில் ஓடு இறுகிவிடும்.

8. பாத்திரத்தைச் சுரண்டாதீங்க. தண்ணீர் ஊத்திக் கொதிக்க வச்சா எல்லாம் கரைஞ்சிடும்.

ஹாஸ்டல் கெட்டிலில் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: முடியாது. தண்ணீர் கொதிச்சு ஆவி வந்ததுமே தானா அணைஞ்சு போற மாதிரிதான் கெட்டிலை வடிவமைச்சிருக்காங்க. 150 வரை அது போகவே போகாது, பாகு அடியில் ஒட்டி கெட்டில்தான் பாழாகும். லீவுல வீட்டுக்குப் போகும்போது செய்யுங்க.

சாயங்காலம் ஏன் பிசுபிசுக்கிறது?

காலையில் நொறுங்கிய ஓடு சென்னையில் சாயங்காலமே ஒட்ட ஆரம்பிக்கும். ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு நிலைமாற்ற வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே நொறுங்கும், அதற்கு மேலே ரப்பர் மாதிரி இளகும். உலர்ந்த சர்க்கரைக் கண்ணாடிக்கு அது 60 டிகிரியைச் சற்றுத் தாண்டியது. ஆனால் சில சதவீத ஈரம் ஏறினாலே அது அறை வெப்பநிலைக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். சர்க்கரை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். உள்ளே ஆப்பிளும் 85 சதவீதம் தண்ணீர்தான். இரண்டு பக்கமும் ஈரம் தாக்கும்போது ஓடு பாவம் என்ன செய்யும்? அதனால் செய்த அன்றே சாப்பிடுங்கள்.

குச்சித் துளை சொன்ன பாடம்

செய்த அன்றே சாப்பிடச் சொல்ல இன்னொரு பெரிய காரணம் இருக்கு. 2014 கடைசியில் அமெரிக்காவில், பாக்கெட்டில் விற்ற கேரமல் ஆப்பிள்களால் லிஸ்டீரியா கிருமி பரவியது. 12 மாநிலங்களில் 35 பேர் பாதிக்கப்பட்டார்கள், 7 பேர் இறந்தார்கள். யாருக்குமே முதலில் புரியவில்லை. ஆப்பிள் அமிலத்தன்மை உள்ளது, கேரமலில் கிருமி வளரப் போதுமான நீர் கிடையாது. பிறகு எப்படி?

விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் இதைச் சோதித்தார்கள். குச்சி குத்தும்போது ஆப்பிளின் சாறு துளை வழியாகக் கசிந்து, தோலுக்கும் கேரமலுக்கும் நடுவே ஒரு ஈரப்படலமாகத் தங்குகிறது. ஆப்பிள் அளவுக்கு அமிலமும் இல்லை, கேரமல் அளவுக்கு வறட்சியும் இல்லை. கிருமிக்கு அது நல்ல வாடகை வீடு. குச்சி குத்தி 25 டிகிரியில் வைத்தவற்றில் மூன்றே நாளில் கிருமி ஆயிரம் மடங்குக்கு மேல் பெருகியது. 7 டிகிரியில் வைத்தவற்றில் ஒரு வாரம் வரை வளரவில்லை.

இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு இதில் ஒரு முக்கியமான பாடம் இருக்கு. பொருள் ஒன்று பாதுகாப்பானது, பொருள் இரண்டும் பாதுகாப்பானது. ரெண்டும் சந்திக்கும் இடம் ஆபத்தானது. வெல்டிங் ஆகட்டும், பூச்சு ஆகட்டும், இரண்டு மாட்யூல்களை இணைக்கும் கோட் ஆகட்டும், கோளாறு எல்லையில்தான் ஆரம்பிக்கும்.

ஆகவே ஆப்பிளை நன்றாகக் கழுவுங்கள், அடிபட்ட பழம் வேண்டாம். அன்றே தீராவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்து ஓரிரு நாளில் முடித்துவிடுங்கள். கொஞ்சம் ஒட்டினாலும் பரவாயில்லை. கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் அப்போது செய்ததை மட்டும் கொடுங்கள்.

சிவப்பு எங்கிருந்து?

2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை வந்தது நினைவிருக்கும். அதில் ரோடமின்-பி என்ற, துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம் கண்டுபிடிக்கப்பட்டதுதான் காரணம். பளிச்சென்று ரோஸ் நிறத்தில் லூசாக விற்கும் பொடியை விலை மலிவு என்று வாங்காதீர்கள். உணவுப் பாதுகாப்பு உரிம எண் அச்சிட்ட டப்பாவை மட்டும் வாங்குங்கள். நிறமே இல்லாமல் செய்தாலும் ஆப்பிளோட சொந்தச் சிவப்பு கண்ணாடி வழியா அழகாத்தான் தெரியும்.

கையில் பட்டால்

கொதிக்கும் தண்ணீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். பாகு ஓடாது; 150 டிகிரியோட தோல்மேல ஒட்டிக்கிட்டே சுடும். பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் வேண்டாம், முழுக்கை சட்டை போடுங்கள், விரலால் பதம் பார்க்கவே பார்க்காதீர்கள். பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஒட்டிய பாகைப் பிய்த்து எடுக்காதீர்கள், தண்ணீரிலேயே கரையட்டும். டூத் பேஸ்ட், இங்க், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிசா இருந்தா நேரா டாக்டர்கிட்ட போங்க.

வீட்டுப்பாடம்

பாகில் கொஞ்சம் மிச்சம் இருந்தால் தட்டில் மெல்லிசாக ஊற்றி ஆற விடுங்கள். ஒரு துண்டைக் காற்றுப் புகாத டப்பாவிலும், இன்னொன்றைத் திறந்தும் வையுங்கள். மறுநாள் இரண்டையும் வளைத்துப் பாருங்கள். எது உடைகிறது, எது வளைகிறது, ஏன்? அடுத்த செமஸ்டர்ல "அமார்ஃபஸ் சாலிட்"னு கேள்வி வந்தா, இந்தத் துண்டு ஞாபகம் வரும். மார்க்கும் வரும்.