கசிவை அடைப்பதா, ரேடியேட்டரை மாற்றுவதா?

வெள்ளிக்கிழமை மாலை. மாணவர்களை அவரவர் வீட்டில் இறக்கிவிட்ட பள்ளி வேன் ஓட்டுநர் ஒருவர், கிள்ளானில் உள்ள தம் வீட்டு வாசலில் வேனை நிறுத்தினார். வெப்பநிலையைக் காட்டும் முள் வழக்கமான இடத்தைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. சிறிது நேரத்தில், வேனுக்கு அடியில் பச்சை நிற நீர் தேங்கியிருப்பதை நான்காம் படிவத்தில் பயிலும் அவருடைய மகள் கண்டாள்.

“அப்பா, வேனிலிருந்து ஏதோ ஒழுகுகிறதே!”

“ஒரு வாரமாகவே அப்படித்தான் அம்மா. காலையில் தண்ணீர் ஊற்றினால் மாலைவரை தாங்குகிறது. கசிவை அடைக்கும் மருந்து கடையில் விற்கிறார்கள். ஒரு போத்தல் வாங்கி ஊற்றிவிட்டால் போதும்.”

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்த மாத வேன் கட்டணத்தைப் பெற்றோர் சிலர் இன்னும் செலுத்தவில்லை. அடுத்த மாதம் சாலை வரியும் காப்புறுதியும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கையில் இருந்த பணத்தை எண்ணியெண்ணிச் செலவிட வேண்டிய நிலை.

மகளுக்கோ மனம் அமைதியடையவில்லை. அந்த வேனை நம்பித் தினமும் பதினொரு மாணவர்கள் பள்ளிக்குச் செல்கிறார்கள். “மருந்து ஊற்றுவதற்கு முன்பு ஒருமுறை பட்டறையில் காட்டிவிடலாமே, அப்பா,” என்றாள். தந்தை சற்று யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலை இருவரும் பட்டறைக்குச் சென்றனர். வேனை நிறுத்தியதும் தந்தை ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கை நீட்டினார்.

“அண்ணே, வேண்டாம்! சூடாக இருக்கும்போது மூடியைத் தொடாதீர்கள்,” என்று பட்டறைக்காரர் ஓடிவந்து தடுத்தார்.

இயந்திரம் ஓடும்போது அதில் மிகுந்த வெப்பம் உண்டாகிறது. கூலண்ட் எனப்படும் குளிர்விப்பு நீர்மம் அந்த வெப்பத்தை ஏற்று, ரப்பர் குழாய் வழியாக ரேடியேட்டருக்கு வருகிறது. அங்குள்ள மெல்லிய குழாய்களில் ஓடும்போது காற்று பட்டுக் குளிர்ந்து, மீண்டும் இயந்திரத்திற்குத் திரும்புகிறது. சாதாரண நீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தை உயர்த்தி வைப்பதால், கூலண்ட் அந்த வெப்பத்தைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால், அழுத்தம் சட்டெனக் குறைந்து கொதிநீரும் ஆவியும் பீறிட்டு அடிக்கும். முகமும் கையும் வெந்துபோகும்.

இயந்திரம் ஆறும்வரை மூவரும் காத்திருந்தனர். பின்னர், பட்டறைக்காரர் மூடி இருந்த இடத்தில் ஒரு கைப்பம்பைப் பொருத்திக் காற்றை அழுத்தினார். பம்பில் இருந்த அழுத்தமானியின் முள் மெல்ல இறங்கியது.

“எங்கோ கசிவு இருக்கிறது. ஆனால், ஒழுகுகிறது என்றவுடன் ரேடியேட்டர்மேல் பழிபோடக் கூடாது. குழாயைப் பிடித்திருக்கும் வளையம் தளர்ந்திருந்தாலும் ஒழுகும். மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தாலும் ஒழுகும். அவற்றைச் சில ரிங்கிட்டில் சரிசெய்துவிடலாம்,” என்று கூறிக்கொண்டே ஒவ்வோர் இடமாகக் கைவிளக்கால் பார்த்தார்.

குழாய்கள் நன்றாக இருந்தன. மூடியிலும் குறை இல்லை. இறுதியில், ரேடியேட்டரின் மேல்பகுதியில் இருந்த பிளாஸ்டிக் தொட்டியில், அது அலுமினியப் பகுதியோடு சேரும் ஓரத்தில், மயிரிழை போன்ற ஒரு வெடிப்புத் தெரிந்தது. அதிலிருந்து பச்சைத் துளிகள் அரும்பின.

“இதற்கு இரண்டு வழிகள் உள்ளன, அண்ணே. வெடிப்பில் பசை வைத்து அடைக்கலாம். அதற்கு 120 ரிங்கிட் ஆகும். புதிய ரேடியேட்டர் போட்டால், கூலண்ட்டும் கூலியும் சேர்த்து 460 ரிங்கிட்.”

“அடைத்தால் எவ்வளவு நாள் தாங்கும், மாமா?” என்று மகள் கேட்டாள்.

“ஒரு வாரமும் தாங்கலாம், ஓர் ஆண்டும் தாங்கலாம். என்னால் உறுதி சொல்ல முடியாது அம்மா. பல ஆண்டுகள் சூடேறி ஆறி, இந்தப் பிளாஸ்டிக் உடையும் தன்மைக்கு வந்துவிட்டது. ஓர் இடத்தை அடைத்தால் பக்கத்தில் வெடிக்கலாம். முன்பெல்லாம் ரேடியேட்டரைச் செம்பிலும் பித்தளையிலும் செய்தார்கள். இது அப்படிப்பட்டதாக இருந்தால், நானே பற்றவைத்துக் கொடுத்திருப்பேன். மாற்றச் சொல்லியிருக்க மாட்டேன்.”

“கடையில் விற்கும் மருந்து?” என்று தந்தை கேட்டார்.

“அது மிகச் சிறிய துளையை அடைக்கும். சில வேளைகளில், ரேடியேட்டரில் உள்ள மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும். பிறகு கூலண்ட் எப்படி ஓடும்? இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். அதைச் சரிசெய்ய ஆயிரக்கணக்கில் செலவாகும்.”

தந்தை பேசாமல் நின்றார். அவர் மனத்தில் 120க்கும் 460க்கும் இடையிலான 340 ரிங்கிட் பெரிதாகத் தெரிந்தது. அதே நேரத்தில், கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஆவி கக்கிக்கொண்டு நிற்கும் வேனும், வெயிலில் இறங்கி நிற்கும் பதினொரு பிள்ளைகளும் கண்முன் தோன்றினர்.

“இது என் சொந்தப் பயணத்துக்கு மட்டுமான வண்டியாக இருந்தால் அடைத்துப் பார்த்திருப்பேன். பிறர் பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறேன். மாற்றிவிடுங்கள், தம்பி. ஆனால், இப்போது கையில் 300 ரிங்கிட்தான் இருக்கிறது.”

“மீதியை மாத இறுதியில் கொடுங்கள், அண்ணே. குழாய்கள் நன்றாக இருப்பதால் அவற்றை மாற்றத் தேவையில்லை,” என்றார் பட்டறைக்காரர்.

வடித்தெடுத்த பழைய கூலண்ட்டை அவர் ஒரு கலனில் பிடித்து மூடிவைத்தார். “இது நச்சுத்தன்மை உடையது. ஆனால், இனிப்பாக இருக்கும். தரையில் விட்டால் பூனையும் நாயும் நக்கிவிடும்,” என்று மகளிடம் விளக்கினார். முந்தைய நாள் வாசலில் தேங்கியிருந்த பச்சை நீர் அவள் நினைவுக்கு வந்தது. வீடு திரும்பியதும், அந்த இடத்தைப் பழந்துணியால் துடைத்து, நீர் விட்டுத் தேய்த்துக் கழுவினாள்.

திங்கட்கிழமை விடியற்காலை. இயந்திரம் சூடாவதற்கு முன்பே, கூலண்ட் கலனில் நீர்மம் குறியளவுக்கு இருக்கிறதா என்று தந்தை பார்த்துக்கொண்டார். அன்று பள்ளி வாசலை அடையும்வரை வெப்பநிலை முள் நடுவிலேயே நின்றது. பின்னிருக்கைகளில் மாணவர்கள் வழக்கம்போல் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வேனில் கசிவு இருந்ததோ, அதைப் பற்றி ஒருவர் பட்டறையில் நின்று நெடுநேரம் யோசித்ததோ அவர்களில் எவருக்கும் தெரியாது.