கள்ளியும் அதன் பகையும்

ஒரு நிலத்தில் ஒரு செடி பெருகுவதற்கும் அருகுவதற்கும் மழையும் வெயிலும் மண்ணுமே காரணம் என்பது பலர் துணிபு. அஃது உண்மையே, ஆயினும் முழு உண்மை அன்று. பிற உயிர்களின் நட்பும் பகையும் அவற்றோடு ஒத்த வலியுடைய காரணங்களாம். சப்பாத்திக்கள்ளியின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

ஒரு செடி மடியுமுன் தனக்கு ஈடாக மற்றொன்றை நிலைநிறுத்திச் செல்லுமாயின், அவ்வினத்தின் தொகை மாறாது நிற்கும், ஒன்றினும் மிகின் பெருகும், குறையின் தேயும். இக்கணக்கை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

அமெரிக்கக் கண்டத்துக்குரிய இக்கள்ளி, நம் நாட்டில் வேலிக்காகவும் நடப்பட்டது. தன் நுண்துளைகளைப் பகலில் மூடி இரவில் திறப்பதால் வறட்சியிலும் வாடாது. ஒடிந்து வீழ்ந்த மடலும் வேர்விடும். பழத்தை உண்ட பறவைகள் விதைகளைத் தொலைவிற் பரப்பும். இவ்வாறு காலநிலையும் பறவையும் துணைநின்றன. தாயகத்தில் அதனை அடக்கிய பூச்சிகளோ உடன் வரவில்லை. ஆகவே வயலோரமும் மேய்ச்சல் நிலமும் முட்காடாயின.

1795-இல், சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சி எனக் கருதி ஒரு பூச்சியைப் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொணர்ந்தனர். அஃது உயர்ந்த சாயம் தரும் இனம் அன்று. வாணிகம் பொய்த்தது, ஆயினும் அப்பூச்சி ஒருவகைக் கள்ளியின் சாற்றை உறிஞ்சி அதனை அழித்தது. மற்றொரு வகையை அது தீண்டவில்லை. அவ்வகை தடையின்றிப் பரவிற்று. இதனையும் உண்ணவல்ல வேறொரு கொச்சினீல் இனம் 1926-இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்கு வந்தது. சில ஆண்டுகளில் முட்புதர்கள் பெரும்பாலும் மறைந்தன.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. கொச்சினீலின் இளங்குஞ்சுகளைப் பெருமழை கழுவித் தள்ளிவிடும். வறண்ட காலத்திலோ அவை செழித்துப் பெருகும். ஆகவே கள்ளிக்குத் துணையாய் நின்ற வறட்சியே அதன் பகைக்கும் துணையாயிற்று. காலநிலை செடியை நேரே மட்டும் ஆள்வதன்று. அதனைச் சூழ்ந்த உயிர்களின் வாயிலாகவும் ஆள்கின்றது. இவ்விரண்டையும் பிரித்து எண்ணுவோர் கணக்கில் பிழைபடுவர்.

கள்ளி அடியோடு ஒழியவில்லை. ஆங்காங்கே சிறு புதராய் இன்றும் உள்ளது. பூச்சியும் அதனைப் பற்றி வாழ்கின்றது. கொச்சினீல் கள்ளியினத்தை அன்றிப் பயிர்களை உண்ணாமையின் உழவர்க்குத் தீங்கு நேரவில்லை. எனினும் எல்லாப் பூச்சியும் இத்தகையன அல்ல. அயலிலிருந்து ஒரு செடியையோ அதன் பகையையோ கொணருமுன், அஃது எதனை உண்ணும், எதனால் உண்ணப்படும், எப்பருவத்தில் பெருகும் என்னும் மூன்றையும் ஆராய்தல் வேண்டும். இன்று சீமைக்கருவேலத்தால் தம் நிலத்தை இழந்து நிற்கும் சிற்றூர்கள் இவ்வாராய்ச்சியின் இன்றியமையாமையை நமக்கு உணர்த்தும்.