திரைப்படக் குறிப்பேடு: எழுதும் முறையும் பகிரும் முறையும்

தோற்றுவாய்

நூல் கற்போர் குறிப்பெடுத்துக் கற்றல் வேண்டும் என்பது நம் கல்லூரி ஆசிரியர்கள் நமக்கு நாள்தோறும் உரைத்த அறிவுரை. வரலாற்று வகுப்பிற் கொப்பியின்றி அமர்ந்தவன் பட்ட பாட்டினைப் பழைய மாணவர் எவரும் மறந்திரார். ஆயின், திரைப்படம் பார்ப்பவனும் குறிப்பெடுத்தல் வேண்டும் என அந்நாளில் நமக்குக் கூறினார் எவருமிலர். படம் பார்த்தல் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கிற்குக் கொப்பி எதற்கு என்பதே பொதுக் கருத்தாயிருந்தது. வின்சர், வெலிங்டன், ரீகல், ராணி, மனோகரா, ராஜா என யாழ்ப்பாண நகரப் படமாளிகைகளின் பெயர்களை இன்றும் வரிசையாகச் சொல்லவல்ல நாம், அவற்றிலே கண்ட படங்களுள் எத்தனையைப் பற்றி நான்கு வசனம் பிழையின்றிச் சொல்லவல்லோம்?

பார்த்த படத்தைப் பற்றி எழுதிவைத்தல் எதற்கு, அதனை எவ்வாறு எழுதுதல் வேண்டும், எழுதியதைக் கொண்டு நண்பர்க்கு நல்ல படங்களை எடுத்துரைக்குமாறு யாது என்னும் மூன்றும் ஈண்டு ஆராயப்படும்.

நினைவு செய்யும் மோசம்

முதற்கண் எனது பிழையொன்றைக் கூறுதல் தகும். விற்றோரியோ டி சிக்கா நெறிப்படுத்திய "சைக்கிள் திருடர்கள்" என்னும் இத்தாலியப் படம் 1948ஆம் ஆண்டில் வெளிவந்தது. போருக்குப் பிந்திய உரோமாபுரியில் வேலையற்றிருந்த அந்தோனியோ என்பவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கின்றது. அவ்வேலைக்குச் சைக்கிள் இன்றியமையாதது. முதல் நாளிலேயே அது களவு போகின்றது. தன் சிறு மகனோடு நகரமெங்கும் தேடியும் காணாத அவன், ஈற்றில் தானே பிறனொருவனது சைக்கிளைத் திருட முற்பட்டுப் பிடிபடுகின்றான். இப்படத்தை யான் 1979ஆம் ஆண்டில், திரைப்பட வட்டத்தார் சிலர் காட்டியபோது கண்டேன்.

2010ஆம் ஆண்டில், கனடாவிலிருந்து வந்திருந்த வகுப்புத் தோழரொருவரோடு இப்படத்தைப் பற்றி உரையாட நேர்ந்தது. அந்தோனியோவைப் பொலிசார் இழுத்துச் செல்வதோடு படம் முடிகின்றது என யான் கூறினேன். அவர் மறுத்தார். யான் விட்டேனல்லேன், பொலிஸ்காரர் அவனைப் பற்றியிருந்த விதத்தையுங் கூட விரித்துரைத்தேன். அவர் மேலும் வாதாடாது கனடா திரும்பி, இரு கிழமையில் ஒரு கடிதத்தின் பிரதியை எனக்கு அனுப்பிவைத்தார். அவர் பேராதனையிற் கற்ற காலத்தில் யான் அவருக்கு எழுதிய கடிதம் அது. சைக்கிளுக்கு உரியவன், அழுது நிற்கும் சிறுவனைக் கண்டு மனமிரங்கித் தந்தையை விட்டுவிடுதலும், சிறுவன் தந்தையின் கையைப் பற்றிக்கொள்ளுதலும், இருவரும் சனக்கூட்டத்திற் கலந்து மறைதலும் அக்கடிதத்திலே தெளிவாக வரையப்பட்டிருந்தன. என் கையெழுத்தே எனக்கு எதிர்ச்சாட்சியாயிற்று.

அம்மன்னிப்பன்றோ அப்படத்தின் உயிர்நாடி! அதனையே என் மனம் அழித்துவிட்டது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் இந்நாட்டில் நாம் கண்டவை, பிடிபட்டவன் விடுபடுவான் என்பதை நம்பவொண்ணாததாக்கிவிட்டன போலும்.

இஃது எனக்கு மாத்திரம் உரிய குறையன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளவியலறிஞர் பிரெடெரிக் பாற்லெற் 1932ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நினைவு பற்றிய தம் ஆய்வுகளை விரித்துள்ளார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றை ஆங்கிலேயர் சிலருக்குப் படிக்கக் கொடுத்து, பின்னர் பல்வேறு கால இடைவெளிகளில் அதனைத் திரும்ப எழுதச் செய்தார். கதை வரவரச் சுருங்கிற்று. அவர்களுக்கு விளங்காத பகுதிகள் உதிர்ந்தன. வள்ளம் அவர்கள் பழகிய படகாக மாறிற்று. நினைவு என்பது பெட்டகத்திலிருந்து பொருளை எடுத்தல் போன்றதன்று. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டியெழுப்பப்படுவது. கட்டும்போது நமக்குப் பழகிய கல்லையே இடுகின்றோம். ஆதலின், கண்டதனைக் கண்டவாறு காக்க விரும்புவோன் அன்றே எழுதிவைத்தல் வேண்டும்.

இவ்வழியில் முன் சென்றோர்

உலூமியர் சகோதரர் பாரிசிலே தம் அசையும் படங்களைக் கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்குக் காட்டியது 1895 டிசெம்பர் 28ஆம் நாளாகும். அடுத்த ஆண்டில் உருசிய நாட்டு நீஷ்னி நொவ்கொரொட் நகரில் அப்படங்களைக் கண்ட எழுத்தாளர் மாக்சிம் கோர்க்கி, அந்நகரப் பத்திரிகையில் அதைப்பற்றி எழுதினார். வியந்தேன் என்று சொல்லி அவர் அமைந்தாரல்லர். இலையும் வானும் முகமும் யாவும் சாம்பல் நிறமாயிருந்தமையையும், வண்டிகள் ஓசையின்றி ஓடியமையையும், சிரிப்போர் வாய் திறந்தும் சிரிப்பொலி கேளாமையையும் நுணுகிக் குறித்தார். நூற்றாண்டு கடந்த பின்னரும் அக்குறிப்பைப் படிப்போர், முதன்முதற் படம் கண்ட மனிதன் உற்ற திகைப்பைத் தாமும் உணர்வர். திகைத்தேன் என்ற சொல் மட்டும் இருந்திருப்பின் அவ்வுணர்வு நம்மை வந்தெய்தியிராது.

மற்றையவர் வங்காளத்துச் சத்தியஜித் ராய். 1921இற் பிறந்த இவர், பள்ளி மாணவனாயிருந்த காலத்தே தாம் கண்ட படங்களை ஒரு குறிப்புப் புத்தகத்திற் பதிந்து, நட்சத்திரக் குறியிட்டுத் தரம் வகுத்தார். அமெரிக்கப் படக் கம்பனிகள் ஒவ்வொன்றினதும் வேலைப்பாட்டைப் பிரித்தறியவும் பழகினார். பின்னர் நடிகர்மேற் சென்ற அவரது கவனம் நெறியாளர்பாற் சென்றது. யாதேனும் ஒரு கதை படமாகவிருக்கின்றது என அறிந்தால், அதற்குத் தாமே ஒரு திரைக்கதை எழுதிவைத்து, படம் வந்தபின் இரண்டையும் ஒப்புநோக்குவது அவர் வழக்கம். 1947இல் நண்பரோடு சேர்ந்து கல்கத்தாத் திரைப்படக் கழகத்தை நிறுவினார். 1950இல் இலண்டனிற் சில மாதம் தங்கியபோது ஏறத்தாழ 100 படங்களைக் கண்டார். அவற்றுள் ஒன்று மேலே கூறிய "சைக்கிள் திருடர்கள்". 1955இல் அவரது "பதேர் பாஞ்சாலி" வெளிவந்தது. சிறுவனது நட்சத்திரக் குறிகளுக்கும் அப்படத்திற்கும் இடையே கிடந்த வழி நெடியது. எனினும் அவ்வழியின் முதற்படி அக்கொப்பியே.

எழுதுமாறு

மாணவர் பொருட்டு முறையினைச் சுருக்கிக் கூறுவாம்.

முதலாவது, காலம். படம் பார்த்த அன்றிரவே எழுதுக. பத்திரிகை விமர்சனத்தைப் படித்த பின்னரோ, நண்பரோடு விவாதித்த பின்னரோ எழுதின், எது உம்முடைய கருத்து, எது பிறருடையது என உமக்கே தெரியாது போகும்.

இரண்டாவது, தலைப்பு. படத்தின் பெயர், மொழி, வெளிவந்த ஆண்டு, நெறியாளர் பெயர், பார்த்த திகதி, இடம், உடனிருந்தோர், பார்க்கச் சொன்னவர் ஆகியன இரண்டு வரியில் அடங்கும். உடனிருந்தோர் பெயர் எதற்கு என இளைஞர் வினவலாம். நாற்பது ஆண்டு சென்றபின் அவ்வரியே படத்தினும் அருமையுடைத்தாகும்.

மூன்றாவது, கதை. இதனை நான்கு வசனத்துக்கு மேற்போகவிடற்க. கதை பிறரிடத்தும் கிடைக்கும்.

நான்காவது, காட்சி. இதுவே குறிப்பேட்டின் நெஞ்சு. மனத்திற் பதிந்த ஒரு காட்சியைத் தேர்ந்து, கண் கண்டதையும் செவி கேட்டதையும் மாத்திரம் எழுதுக. நல்லது, அருமை, மோசம் என்னும் சொற்கள் இங்கே புகுதலாகாது. எடுத்துக்காட்டாக ஒரு குறிப்பு வருமாறு:

"சைக்கிளை அடைவிலிருந்து மீட்பதற்காக மனைவி மரியா வீட்டிலுள்ள படுக்கை விரிப்புகளை அடகுவைக்கின்றாள். வேலையாள் அந்தப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு உயர்ந்த தட்டுகளிலே ஏறுகின்றான். தட்டெங்கும் பொட்டலங்கள். அவன் மேன்மேலும் ஏறுகின்றான்; பொட்டலங்கள் முடிந்தபாடில்லை."

இவ்வளவே போதும். ஒரு வீட்டின் வறுமையைக் கூறிவந்த படம், அவ்வேணியில் ஏறும்போது ஒரு நகரத்தின் வறுமையைக் கூறிவிடுகின்றது. இதனை யாரும் வாயாற் சொல்லவில்லை, தட்டுகள் சொல்லின. காட்சியை உள்ளவாறு எழுதியவனுக்கே இவ்வுண்மை புலப்படும்.

ஐந்தாவது, உணர்ச்சி. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தமை மேல்வகுப்பு மாணவர் அறிந்ததே. சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா, அச்சமா, வியப்பா, பெருமிதமா எனப் பகுத்து, எவ்விடத்தில் எது எழுந்தது எனக் குறித்தல் நன்று. படம் நன்றாயிருந்தது என்பதிலும், இன்ன இடத்தில் எனக்குக் கோபம் வந்தது என்பது பன்மடங்கு பயனுடைத்து.

ஆறாவது, தீர்ப்பு. இதனை ஈற்றில், ஒரு வசனத்தில் எழுதுக. பின்னொருகாற் படத்தை மீளப் பார்த்துக் கருத்து மாறின், பழைய தீர்ப்பை அழியாது அதன் கீழே திகதியிட்டுப் புதியதை எழுதுக. மாறுதல் வெட்கத்திற்குரியதன்று. இலண்டனிலிருந்து வரும் "சைற் அன்ட் சவுண்ட்" என்னும் சஞ்சிகை 1952 முதற் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகரை வினவி, தலைசிறந்த படங்களின் பட்டியலை வெளியிட்டு வருகின்றது. 1952இல் முதலிடம் "சைக்கிள் திருடர்கள்" பெற்றது. 1962 முதல் 2002 வரை ஐந்து முறையும் "சிற்றிசன் கேன்" பெற்றது. 2012இல் "வேர்ட்டிகோ"வும், 2022இற் பெல்ஜிய நாட்டுப் பெண் நெறியாளர் சன்ரல் அகர்மனின் "ஜான் டீல்மன்" என்னும் 1975ஆம் ஆண்டுப் படமும் முதலிடம் பெற்றன. கற்றோர் கூட்டமே காலந்தோறும் தன் தீர்ப்பை மாற்றுமாயின், பதினாறு வயதில் எழுதிய தீர்ப்பை நாம் ஏன் கட்டிக்காத்தல் வேண்டும்?

நண்பர்க்கு எடுத்துரைக்குமாறு

அயல்வீட்டார் பண்டம் வைத்துத் தந்த பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடாமை நம்மூர் வழக்கம். படங்களை எடுத்துரைத்தலும் அத்தகையதே. ஒருவர் சொன்ன படத்தைப் பார்த்தவன், பார்த்தேன் என்று அறிவித்து, தன் குறிப்பையும் அவருக்குத் தந்து, தானும் ஒரு படத்தைச் சொல்லுதல் கடன்.

ஆயினும், கொடுக்குமுன் கொள்வார் யாரென அறிதல் வேண்டும். இதனை யான் கற்றது பெரும் பிழையொன்றினால். என் இளமைத் தோழர் ஒருவர் தம் தங்கையைக் காய்ச்சலாற் பறிகொடுத்தவர். அதனை நன்கறிந்திருந்தும், கலைச்சிறப்பு ஒன்றையே கருதிப் "பதேர் பாஞ்சாலி"யைப் பார்க்குமாறு அவரை வற்புறுத்தி அழைத்துச் சென்றேன். மழையில் நனைந்த துர்க்கை காய்ச்சலுற்று இறக்கும் இடம் வந்தது. பக்கத்து ஆசனம் வெறிதாயிருந்தது. வெளியே சென்று பார்த்தபோது அவர் சைக்கிளைப் பிடித்தவாறு தெருவோரத்தில் நின்றார். "படம் நல்லது. ஆனால் நீ எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம்," என்றார். அதன்மேல் அவர் ஒன்றும் கூறவில்லை. அவ்விரவு என் குறிப்பேட்டிற் படத்தைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. அவர் கூறியதை மட்டும் எழுதிவைத்தேன்.

அன்று தொட்டு யான் கைக்கொள்ளும் விதிகள் சில. படத்தைச் சொல்லுமுன் ஆளை நினைத்தல்; மிகச் சிறந்தது என்னாது, இன்ன காரணத்தால் உமக்குப் பொருந்தும் எனல்; முடிவை வெளியிடாமை; துயரமோ கொடுமையோ மிகுந்திருப்பின் அதனை முன்னரே உணர்த்துதல்; அவர்க்குப் பிடியாதுவிடின் வருந்தாது, ஏன் எனக் கேட்டு அதனையும் குறித்தல். இந்நாளிற் கைத்தொலைபேசியே அடுத்து யாது பார்க்கலாம் என நமக்குப் பட்டியலிட்டுத் தருகின்றது. நாம் முன்னர் எவற்றைப் பார்த்தோம் என்பதை அக்கருவி அறியும். தங்கையை இழந்தவர் யார் என்பதை நண்பனே அறிவான்.

முடிவுரை

படச்சுருள் நிலையற்றது. 1931இல் வெளிவந்த "காளிதாஸ்" என்னும் முதற் தமிழ்ப் பேசும் படத்தின் பிரதி இன்று இல்லை. அக்காலத்து விளம்பரமும் பத்திரிகைச் செய்தியுமே அதற்குச் சான்று பகர்கின்றன. இலங்கைத் தமிழ்ப் படங்கள் பலவற்றின் நிலையும் அதுவே. 1983 யூலை வன்செயலிற் படச்சுருள்கள் பல தீக்கிரையாயின. தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்டு ஆக்கிய "பொன்மணி" 1977இல் வெளிவந்தபோது வணிக வெற்றி பெறவில்லை. இன்றோ ஆய்வாளர் அதனைப் போற்றுகின்றனர். அன்று அதனைக் கொட்டகையிற் கண்ட ஒருவர் எழுதிய அரைப்பக்கக் குறிப்பு இன்று கிடைப்பின், அதன் பெறுமதி எத்துணையதாகும்!

என் குறிப்பேடுகள் ஏழும் 1995ஆம் ஆண்டு இடப்பெயர்விற் போயின. அவற்றிலிருந்து எஞ்சியவை யான் பிறர்க்கு எழுதி அனுப்பியவை மாத்திரமே. எனக்கென்று பூட்டிவைத்தது அழிந்தது. கொடுத்தது கடல் கடந்தும் பிழைத்திருந்தது.

ஆதலின், மாணவர்காள், இன்றே ஒரு கொப்பி வாங்குக. பழைய மாணவர்காள், கல்லூரிப் பருவத்திற் கண்ட படமொன்றைப் பற்றி நினைவிலுள்ளவாறு ஒரு பக்கம் எழுதி, அன்று உம்மோடு பக்கத்து ஆசனத்தில் இருந்தவருக்கு அனுப்புக. அவர் எந்நாட்டிலிருந்தாலும் மறுமொழி வரும். உமது நினைவு பிழையென அவர் எழுதினும், அப்பிழைதிருத்தமே நட்பின் புதுப்பித்தலாகும்.