தபாலைத் திருப்பி அனுப்பாதே

அன்பு மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. போனில் பேசினால் “சரி மாமா, பார்த்துக்கிறேன் மாமா” என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம்.

உன் மனைவி கூப்பிட்டாள். பேங்கிலிருந்து ஆள் வந்தால் வெளியூர் போயிருப்பதாகச் சொல்லச் சொல்கிறாயாம். தபால்காரரிடமும் ஆள் இல்லையென்று சொல்லித் திருப்பி அனுப்பச் சொல்கிறாயாம். ஏன் என்று கேட்டால் எரிந்து விழுகிறாயாம். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. அவள் வாயைத் திறந்ததால்தான் உனக்கு இன்னும் கொஞ்சம் நாள் மிச்சமிருக்கிறது.

இரண்டு தவணை நின்றிருக்கிறது, மூன்றாவது வரப்போகிறது என்றாள். இது எந்தக் கட்டம் என்று உனக்குத் தெரியாது. பேங்கில் வேலையெல்லாம் கடன் பிரிவிலேயே பார்த்து ஓய்வு பெற்றவன் நான், சொல்கிறேன். தவணை தவறிய அன்றைக்கே கம்ப்யூட்டர் உன் கணக்கை எஸ்எம்ஏ, அதாவது சிறப்புக் கவனிப்புக் கணக்கு என்று தனியாக எடுத்து வைத்துவிடும். முதல் 30 நாள் எஸ்எம்ஏ-0. அடுத்த 30 நாள் எஸ்எம்ஏ-1. 61 முதல் 90 வரை எஸ்எம்ஏ-2. நீ இப்போது நிற்பது இந்த மூன்றாவது படியின் வாசலில். 90 நாள் தாண்டினால் வாராக்கடன். அதற்கு முன்னால் மேனேஜரால் உனக்காக மேலிடத்துக்கு எழுத முடியும். அதற்குப் பிறகு ஃபைல் வசூல் பிரிவுக்குப் போய்விடும். உன் பட்டறைக்கு வந்து காபி குடித்த மனிதரால்கூட அப்போது பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

சிறுதொழில்காரர்களுக்காக ரிசர்வ் வங்கி 2016-ல் ஒரு ஏற்பாடு கொண்டுவந்தது. 25 கோடி வரை கடன் உள்ள குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் நொடிக்க ஆரம்பித்தால், கணக்கு வாராக்கடன் ஆவதற்குள் பேங்க் அதைப் பார்த்தாக வேண்டும். தவணையைத் திருத்தலாமா, கடனை மறுசீரமைக்கலாமா, இல்லை வசூலில் இறங்குவதா என்று முடிவெடுக்க வேண்டும். பேங்க் கூப்பிடும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கடன் வாங்கியவனே போய் மனுக் கொடுக்கலாம். வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டு வராதே. எழுதிக் கொடு, நகலில் சீல் வாங்கு. எல்லா மேனேஜரும் தங்கமானவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். இழுத்தடிக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்குத்தான் அந்த சீல்.

போகாமல் இருந்தால் என்ன ஆகும் என்றும் தெரிந்துகொள். 2002-ல் வந்த சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் கெடு கொடுத்து டிமாண்ட் நோட்டீஸ் வரும். அதற்கு நீ ஆட்சேபம் எழுதினால் 15 நாளுக்குள் பேங்க் பதில் சொல்லியாக வேண்டும். எழுதாவிட்டால் யார் பதில் சொல்வார்கள்? கெடு முடிந்ததும் சொத்தைக் கையகப்படுத்தலாம். அதை எதிர்த்து கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக உனக்கு 45 நாள். ஏல அறிவிப்பு வெளியாகிற வரைதான் முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு தேதி இருக்கிறது, மாப்பிள்ளை. தபாலைத் திருப்பி அனுப்புகிறவனுக்கு எந்தக் கதவு எப்போது மூடியது என்றுகூடத் தெரியாது.

இன்னொன்று. வாங்காமல் திருப்பினால் நோட்டீஸ் செல்லாது என்று உனக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். டீக்கடை வக்கீல்கள் நம் ஊரில் அதிகம். வேண்டுமென்றே வாங்க மறுத்த தபாலைச் சட்டம் வாங்கியதாகவே எடுத்துக்கொள்ளும். நீ தப்பித்துக்கொண்டே இருந்தால் நோட்டீஸை வாசல் கதவில் ஒட்டலாம். இரண்டு பத்திரிகைகளில், ஒன்று தமிழில், விளம்பரமும் போடலாம். எந்த வாசல்? அடமானம் வைத்திருப்பது பழனியில் என் அக்கா, உன் அம்மாவின் வீட்டை. ஜாமீன் கையெழுத்தும் அவளுடையது. அக்காவுக்குத் தெரியக் கூடாது என்றுதானே இத்தனையும் செய்கிறாய்? நீ போகிற வழி நேராக அவள் கதவில்தான் போய் முடியும், பசை தடவிய காகிதமாக. தெருவே படித்த பிறகு அவள் படிப்பாள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, மாமா என்னைக் கையாலாகாதவன் என்று நினைக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதே. என் சர்வீஸில் பார்த்ததைச் சொல்கிறேன். ஏமாற்றவே கடன் வாங்குகிறவன் ஒளியமாட்டான். வாரம் ஒருமுறை மேனேஜர் அறைக்கு வருவான், தீபாவளிக்கு ஸ்வீட் பெட்டியோடு நிற்பான், சிரித்துக்கொண்டே அடுத்த மாதம் என்பான். ஒளிகிறவன் பெரும்பாலும் யோக்கியன். வாங்கின கடனைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லையே என்று மானத்துக்கு அஞ்சுகிறவன். ஆனால் ஃபைலைப் பார்க்கிறவனுக்கு உன் மானம் தெரியாது. நோட்டீஸ் திரும்பி வந்திருக்கிறது, போன் எடுக்கவில்லை, ஆளைக் காணோம். மோசடிக்காரனைப் பற்றி எழுதுகிற குறிப்பும் இதுதான். அந்த ஸ்வீட் பெட்டிக்காரனுக்குக் கிடைக்கிற அவகாசம் உன்னைப் போன்றவனுக்குக் கிடைக்காமல் போவதைப் பலமுறை பார்த்து வயிறெரிந்திருக்கிறேன்.

கிரெடிட் கார்டில் எடுத்துத் தவணை கட்டினாய் என்றும் கேள்விப்பட்டேன். காகிதம் எடுத்து என்னோடு கணக்குப் போடு. கார்டில் 2 லட்சம் பாக்கி, வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வை. வட்டி 7,000. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 1,260. நீ குறைந்தபட்சத் தொகையாக 10,000 கட்டினால் அசலில் குறைவது 1,740 ரூபாய். வருஷக் கணக்கில் 42 சதவீத வட்டிக்கு வாங்கி, அதில் நாலில் ஒரு பங்கு வட்டியுள்ள கடனை அடைத்திருக்கிறாய். பேங்க் ஆளின் முகத்தைப் பார்க்காமல் இருக்க நீ கொடுக்கிற கூலி இது. அடுத்து மீட்டர் வட்டிக்காரனிடம் போகலாமா என்று யோசித்திருப்பாய். போய்விட்டாயென்றால் இப்போதே சொல்லிவிடு. கந்துவட்டிக்கு எதிராக 2003-லிருந்து தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது, அதற்கு வேறு வழி பார்க்கலாம்.

வசூல் ஆட்கள் நேரங்கெட்ட நேரத்தில் கூப்பிடுகிறார்கள் என்று உன் மனைவி அழுதாள். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. மீறினால் தேதி, நேரம், நம்பர் குறித்து வைத்து பேங்கில் புகார் எழுது. பதில் திருப்தியில்லை என்றால் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். ஆனால் புகார் எழுதுகிறவன் வெளியே தெரிய வேண்டுமே.

பேங்குக்குப் பயப்படுகிற மாதிரியே நீ உன் வாடிக்கையாளருக்கும் பயப்படுகிறாய். பம்பு கம்பெனிக்காரர்கள் ஆறு மாதப் பாக்கி வைத்திருக்கிறார்கள், கேட்டால் ஜாப் ஆர்டர் நின்றுவிடும் என்கிறாயாம். பட்டறைச் சுவரில் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறாயே சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழ், அது என்ன சாமி படமா? 2006-ல் வந்த சட்டப்படி குறு, சிறு தொழிலுக்குப் பணம் அதிகபட்சம் 45 நாளில் வந்தாக வேண்டும். தாண்டினால் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. அந்த நாளுக்குள் கொடுக்காமல் வருஷமும் முடிந்துவிட்டால் அந்த வருஷம் அந்தத் தொகையைச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்க முடியாது என்றும் இப்போது வந்துவிட்டது. அவர்கள் ஆடிட்டருக்கு இது நன்றாகத் தெரியும். வழக்குப் போடச் சொல்லவில்லை. மரியாதையாக, பில் நம்பர் போட்டு, இந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு ஒரு மெயில் அனுப்பு. பாதி வந்தாலே இரண்டு தவணை அடையும். அதற்கும் ஆர்டரை நிறுத்துகிற கம்பெனி என்றால், அவனுக்கு நீ இலவசமாகக் கடை நடத்திக்கொண்டிருந்தாய் என்று அர்த்தம்.

கடைசியில் பாதிக்குப் பாதி செட்டில் செய்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்கிறாயோ என்னவோ. ஒரே தவணைத் தீர்வை உரிமையாகக் கேட்க முடியாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பேங்க் கொடுத்தால் உண்டு. வீடு அடமானமாகக் கையில் இருக்கும்போது ஏன் கொடுக்கப்போகிறார்கள்? 2020-ல் கொரோனாவுக்காக ஆறு மாதம் தவணையை நிறுத்தி வைத்தபோதும் ஊரே அதைத் தள்ளுபடி என்று நினைத்தது. வட்டி ஒருநாள்கூட நிற்கவில்லை.

இனி நான் கேட்கப்போவதுதான் உனக்கு வலிக்கும். பட்டறை லாபத்தில் ஓடுகிறதா? கடனை விட்டுவிடு, வட்டியை விட்டுவிடு. கூலி, கரன்ட், வாடகை, டூல் செலவு போக மாதம் ஏதாவது நிற்கிறதா? நின்றால் மறுசீரமைப்பு கேட்கலாம், நான் கூட வருகிறேன். நிற்கவில்லை என்றால் தவணையை நீட்டுவது பள்ளத்தை ஆழமாக்குவதுதான். புதிதாக வாங்கிய சிஎன்சி மிஷினுக்கு இரண்டு ஷிஃப்ட் வேலை இருக்கிறதா, ஒரு ஷிஃப்ட்டுக்கே இல்லையா? இல்லையென்றால், பேங்க் சம்மதத்தோடு நீயே ஆள் பார்த்து அதை விற்றுக் கடனில் கட்டு. நீ விற்றால் வருகிற விலை வேறு, ஏலத்தில் போகிற விலை வேறு. அத்தான் இருந்தபோது ஆசைப்பட்ட மிஷின் என்று எனக்கும் தெரியும். அதற்காக அவர் கட்டிய வீட்டைக் கொடுக்க முடியுமா?

வியாழக்கிழமை காலை ரயிலில் கோவைக்கு வருகிறேன். கடன் ஒப்பந்த நகல், ஒரு வருஷ பேங்க் ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி ரிட்டர்ன், கடைசி இரண்டு வருஷ ஐடிஆர், கார்டு பில் எல்லாம், வர வேண்டிய பாக்கி தேதி வாரியாக, கொடுக்க வேண்டியதும் அப்படியே, எல்லாம் எடுத்து வை. கைக்கடனையும் சேர்த்து எழுது. ஒன்றை மறைத்தால் போடுகிற கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும். பிரிக்காத கவர்களை மாமா வந்து பிரிக்கட்டும் என்று வைக்காதே, நீயே பிரித்துத் தேதிப்படி அடுக்கு. வெள்ளிக்கிழமை பேங்குக்குப் போகலாம். பேசுவது நீ, நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அக்காவிடம் நான் சொல்லமாட்டேன். நான் வருவதற்குள் பழனிக்குப் போய் நீ சொல்லிவிட வேண்டும். கத்துவாள், ஒருநாள் சாப்பிடமாட்டாள். கையெழுத்துப் போட்டவளுக்கு அந்த உரிமை உண்டு. அவள் பெயரில் ஏதோ டெபாசிட் இருக்கிறது, அதை எடுத்துக் கொடுக்கிறேன் என்று ஆரம்பிப்பாள். வாங்காதே, மாமா வரட்டும் என்று சொல். திரும்பும்போது வீட்டுப் பத்திரத்தின் ஜெராக்ஸும் வரி ரசீதும் அவளிடம் கேட்டு வாங்கி வா.

அன்புடன்,
மாமா