திரையில் கோளாறா? ஃபார்மட் செய்யும் முன் இதைப் பாருங்கள்

பழைய டெஸ்க்டாப் ஒன்று உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. ஆன் செய்தால் ஐகான்கள் இட்லி அளவுக்குப் பெரிதாகத் தெரிகின்றன. அல்லது விண்டோஸ் லோகோ வரை ஒழுங்காக வந்து, அதன் பிறகு திரை கறுத்துவிடுகிறது. கடையில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ஃபார்மட் பண்ணிடலாம் சார்." உங்கள் ஃபைல்கள் அந்த ஹார்ட் டிஸ்கில் இருந்தால் இதற்கு உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

முதலில் கோளாறு எப்போது தொடங்குகிறது என்று கவனியுங்கள். பவர் பட்டனை அழுத்தியதும் வரும் பயாஸ் எழுத்துகளிலேயே கோடுகளோ நிறமாற்றமோ தெரிந்தால், பழி டிரைவர் மீது இல்லை. அந்த நேரத்தில் விண்டோஸே இன்னும் லோடு ஆகவில்லை. மானிட்டர், கேபிள், கிராபிக்ஸ் கார்டு, ரேம் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் இது சரியாகாது.

விஜிஏ கேபிளில் 15 பின்கள் உண்டு. 1-வது பின் சிவப்பு, 2-வது பச்சை, 3-வது நீலம். ஒன்று வளைந்தாலோ கனெக்டர் லூசானாலோ அந்த நிறம் மட்டும் காணாமல் போகும். நீலம் போனால் வெள்ளைத் திரை மஞ்சளாகும். பச்சை போனால் ஊதா கலந்த இளஞ்சிவப்பு. சிவப்பு போனால் பச்சையும் நீலமும் கலந்த வெளிர் நிறம். இப்போது மானிட்டரிலேயே இருக்கும் மெனு பட்டனை அழுத்துங்கள். அந்த மெனு மட்டும் சரியான நிறத்தில் வந்தால், கோளாறு பெரும்பாலும் கேபிளில்தான். பல கேபிள்களில் 9-வது பின் தயாரிப்பிலேயே இருக்காது. உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

திரையில் ஒன்றுமே வராமல் பீப் ஒலி மட்டும் வந்தால் எண்ணிப் பாருங்கள். அவார்டு பயாஸில் ஒரு நீள பீப், இரண்டு குட்டை பீப் என்றால் கிராபிக்ஸ் பகுதியில் சிக்கல். ஆன்போர்டு கிராபிக்ஸ் ரேமிலிருந்துதான் இடம் எடுத்துக்கொள்கிறது. எனவே பவர் பிளக்கைக் கழற்றிவிட்டு ரேமை எடுத்து, அதன் தங்க நிற முனைகளை பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள். சிரிக்காதீர்கள், பழைய மெஷின்களில் பலமுறை கைகொடுக்கும் வைத்தியம் இது.

லோகோ வரை சரியாக வந்து பிறகு திரை கறுத்தால்தான் டிரைவரைச் சந்தேகிக்க வேண்டும். டிரைவர் என்பது விண்டோஸுக்கும் ஹார்டுவேருக்கும் நடுவே நிற்கும் துபாஷி. துபாஷியை மாற்றினால் உங்கள் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது.

சென்ற ஆண்டு என் பெரியம்மா மகளின் தையல் கடை கம்ப்யூட்டருக்கு இதுதான் நடந்தது. இன்டெல் 945ஜி சிப்செட், விண்டோஸ் 7. எல்லா டிரைவர்களையும் புதுப்பித்துத் தருவதாகச் சொன்ன ஏதோ ஒரு இலவச புரோகிராமை அக்கா இன்ஸ்டால் செய்துவிட்டாள். அடுத்த முறை ஆன் செய்தபோது மானிட்டர் "அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்றது. ஆறு வருட வாடிக்கையாளர் அளவுகளும் பாக்கிக் கணக்கும் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரில் இருந்தன. வேறு எங்கும் காப்பி கிடையாது. கடைக்காரர் ஃபார்மட்டுக்கு நாள் குறித்தும்விட்டார்.

நான் செய்தது இவ்வளவுதான். ஆன் செய்ததும் எஃப்8 கீயைத் தட்டி சேஃப் மோடில் நுழைந்தேன். முதல் வேலையாக அந்த ஃபோல்டரை பென் டிரைவில் காப்பி செய்தேன். பிறகு டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதை விரித்து, கார்டின் பெயரில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டிரைவர் டேபில் உள்ள ரோல் பேக் டிரைவர் பட்டனை அழுத்தினேன். ரீஸ்டார்ட் செய்ததும் பழைய திரை வந்தது. அந்த பட்டன் மங்கலாக இருந்தால் அங்கேயே அன்இன்ஸ்டால் செய்யுங்கள். டிரைவர் சாஃப்ட்வேரையும் நீக்கு என்ற கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள். 945ஜி-க்கு விண்டோஸ் 7-லேயே ஒரு டிரைவர் இருக்கிறது. ரீஸ்டார்ட்டில் அதுவே வந்துவிடும். விண்டோஸ் 10-இல் எஃப்8 வழக்கமாக வேலை செய்யாது. ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து சேஃப் மோடுக்குப் போக வேண்டும்.

ஐகான்கள் பெரிதாகத் தெரிந்து, டிவைஸ் மேனேஜரில் ஸ்டாண்டர்டு விஜிஏ என்றோ மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்றோ இருந்தால், சரியான டிரைவர் இல்லை என்று பொருள். டீடெய்ல்ஸ் டேபில் ஹார்டுவேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் "வென்" என்ற எழுத்துகளை அடுத்து வருவது தயாரிப்பாளர் எண். 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி. (1978-இல் வந்த 8086 பிராசஸரின் எண்ணையே இன்டெல் தனக்கு வைத்துக்கொண்டது!) "டெவ்" என்பதை அடுத்து வருவது கார்டின் எண். 945ஜி-க்கு அது 2772. இந்த இரண்டையும் வைத்துத் தேடி, மதர்போர்டு அல்லது சிப் தயாரிப்பாளரின் தளத்தில் இருந்து மட்டும் டவுன்லோடு செய்யுங்கள். சிப்செட் டிரைவரை முதலில் போட்டுவிட்டு டிஸ்ப்ளே டிரைவரைப் போடுவது நல்லது.

945ஜி மெஷினில் விண்டோஸ் 10 போட்டிருந்தால் தேடி அலைய வேண்டாம். இன்டெல் அதற்கு டிரைவர் தரவில்லை. லினக்ஸில் அந்த சிப் இன்றும் ஒழுங்காக ஓடுகிறது. விண்டோஸ் 7-தான் வேண்டும் என்றால், அதற்கான சப்போர்ட் 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டதால் இன்டர்நெட் இணைப்பு கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் மெஷின் நன்றாக ஓடுகிறதா? விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ்டோர், அதற்குள் ஃபைல்ரெப்பாசிட்டரி என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்து வையுங்கள். பின்னால் அதே விண்டோஸை மறுபடி போட நேர்ந்தால், அப்டேட் டிரைவரில் இந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும்.